இருளில் ஓடும் வண்டிகள்



கிண்ணியாத் துறையை இரவு வேளையில் நீரின் வழியே கடந்தவர்கள் உங்களுட் சிலராவது இருப்பீர்கள். 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அங்கே பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளமுள்ள அந்தப் பாலத்தின் மேலே இன்று வண்டிகள் கண்மூடித் திறப்பதற்குள் அக்கரை சேர்ந்துவிடுகின்றன. அதற்கு முன்னர் திருகோணமலைக்குப் போய்வர வேண்டுமாயின் பாதையிலோ தோணியிலோ ஏறித்தான் ஆகவேண்டும். பாதை என்று எங்கள் பகுதியார் சொல்வது, மனிதரையும் வண்டிகளையும் ஒருங்கே சுமந்து நீரைக் கடக்கும் மிதவையை. வெளியூர் நேயர்களுக்காக இதனைச் சொல்லிவைக்கிறேன்.

நான் சிறுவனாயிருந்த காலத்தில் ஓர் இரவு. திருகோணமலையில் அலுவல் முடித்து நானும் வாப்பாவும் துறைக்கு வந்து சேர்ந்தபோது கடைசிப் பாதை போய்விட்டது. தோணி ஒன்று கிடைத்தது. அமாவாசையை ஒட்டிய நாள். வானத்துக்கும் நீருக்கும் வேற்றுமை தெரியவில்லை. சிறிது தூரம் சென்றதும் நாம் விட்டு வந்த கரையும் மறைந்தது, போகும் கரையும் தோன்றவில்லை. கண்ணுக்கு வேலை அற்றுப்போகவே காது விழித்துக்கொண்டது. துடுப்பின் ஓசை, பலகையின் கீழே நீர் தட்டும் ஓசை, எங்கோ இருமிய ஒரு மனிதரின் குரல். அந்தக் குரல் நெருங்கிற்று. எதிரே வந்த தோணியின் அரிக்கன் லாம்பு ஒரு கணம் ஒரு தாடியையும் இரண்டு கண்களையும் காட்டிவிட்டு அப்பாற் சென்றது. "அக்கரை எங்கே வாப்பா?" என்று கேட்டேன். "தோணிக்காரர் அறிவார், மகன். நீ சும்மா இரு" என்றார். அதன் பின்னர் பகலில் எத்தனை முறை அத்துறையைக் கடந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அவற்றுள் ஒன்றேனும் நினைவில் நிற்கவில்லை. அந்த ஓர் இரவு மட்டும் இன்றும் என் முதுகுத்தண்டில் இருக்கிறது.

இந்த அனுபவத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டு, கூரையின் கீழே, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர்க்கு உண்டாக்கித் தரும் தொழில் ஒன்று மேனாட்டிலே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகின்றது. கேளிக்கைப் பூங்காக்களில் உள்ள இருட்டுச் சவாரிகளையே குறிப்பிடுகின்றேன். வண்டியிலோ படகிலோ அமர்ந்தவரை இருண்ட கட்டடத்தினுள்ளே இழுத்துச் சென்று, வரிசையாகக் காட்சிகளைக் காட்டி, மறுவாயில் வழியே பகல் வெளிச்சத்தில் இறக்கிவிடுவது இதன் அமைப்பு. கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டு. எனினும், உள்ளே இருந்த சில நிமிடங்கள் தாம் வேறோர் உலகத்தில் இருந்ததாக வளர்ந்தவர்களும் சொல்கிறார்கள். அந்த மயக்கம் எதனால் உண்டாகின்றது என்பதே இன்றைய பேச்சு.

கதை 1901ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அமெரிக்காவின் பஃபலோ நகரிலே நடந்த பெருங் கண்காட்சியில் பிரெடெரிக் தொம்ஸன் என்பவர் 'சந்திரனுக்கு ஒரு பயணம்' என்ற காட்சியை அமைத்தார். இறக்கைகளையுடைய ஓர் ஆகாயக் கப்பல். அதற்கு லூனா என்று பெயர். மக்கள் அதிலே ஏறி அமர்ந்ததும் இறக்கைகள் அடித்துக்கொள்ளும், கப்பல் ஆடும், காற்று முகத்தில் அடிக்கும். கப்பல் உண்மையில் இருந்த இடத்தை விட்டுப் பெயரவில்லை. பெயர்ந்தவை அதனைச் சூழ்ந்த திரைச்சீலைகளே. கண்காட்சித் திடல் கீழே இறங்குவதும், நயாகரா நீர்வீழ்ச்சி தோன்றி மறைவதும், பூமி ஒரு பந்தாகச் சிறுத்துப் போவதும் ஓவியத்திலும் விளக்கிலும் காட்டப்பட்டன. சந்திரனில் இறங்கியவர்களைக் குள்ளமான சந்திரவாசிகள் எதிர்கொண்டு பாற்கட்டியும் கொடுத்தார்களாம். மனிதர் உண்மையாகச் சந்திரனில் கால்வைத்தது 1969இல். கட்டணம் கொடுத்தவர்கள் அதற்கு 68 ஆண்டுகள் முன்னரே போய் வந்துவிட்டார்கள்! தொம்ஸன் தம் கூட்டாளி டண்டியுடன் சேர்ந்து 1903இல் நியூயோர்க்கின் கோனித் தீவிலே திறந்த பூங்காவுக்கு அந்தக் கப்பலின் பெயரையே இட்டு லூனா பூங்கா என்றார். அப்பெயர் பிற்பாடு உலகெங்கும் பல பூங்காக்களுக்குப் பொதுப்பெயராயிற்று.

அதே காலத்தில் நீரோட்டச் சவாரிகளும் தோன்றின. பெரியதொரு சக்கரம் நீரைத் தள்ள, நீர் படகைத் தள்ள, படகு இருண்ட கால்வாய்களில் வளைந்து செல்லும். 1901இல் அமெரிக்காவின் பிற்ஸ்பர்க் நகரப் பூங்காவில் எழுந்த பழைய ஆலையும், 1905இல் இங்கிலாந்தின் பிளக்பூல் கடற்கரையில் எழுந்த ஆற்றுக் குகைகளும் இவ்வகையின. அந்நாளைய இளைஞரும் யுவதியரும் காட்சிகளைக் காட்டிலும் இருளையே அதிகம் விரும்பினர் என்று சொல்வதுண்டு. அதனை ஆராய்வது இந்தப் பேச்சின் நோக்கமன்று!

நீர்க்கால்வாய் வெட்டப் பணம் வேண்டும். நியூ ஜேர்சி மாநிலத்தின் பிரிட்ஜ்ற்றன் என்னும் சிற்றூரிலே பூங்கா நடத்திய லியோன் கசிடி என்பவரிடம் அவ்வளவு பணம் இல்லை. ஏழ்மை அவருக்கு ஒரு வழியைக் காட்டிற்று. ஒற்றைத் தண்டவாளம் ஒன்றை நெளித்து நெளித்து ஓர் இருட்டுக் கொட்டகைக்குள்ளே போட்டு, இருவர் அமரக்கூடிய சிறு மின்சார வண்டியை அதிலே ஓடவிட்டார். 1928இல் அதற்கென ஒரு கம்பெனியும் அமைந்தது. முறுக்குப் போல் வளைந்த ஒரு மேனாட்டுப் பலகாரம் உண்டு, பிரெட்செல் என்பார்கள். சவாரி செய்த ஒருவர் தம்மை அப்படி முறுக்கிவிட்டதாகச் சொன்னாராம். அதுவே சவாரிக்கும் கம்பெனிக்கும் பெயராக நிலைத்தது. உள்ளே இருந்த தந்திரங்கள் மிக எளியவை. வண்டிச் சக்கரம் தண்டவாளத்தருகே உள்ள நெம்புகோலை மிதிக்கும். உடனே ஓர் உருவம் எழும், ஒரு தகரம் அலறும். கூரையிலிருந்து தொங்கும் நூல்கள் முகத்தில் உராயும். அமர்ந்திருப்பவர் சிலந்திவலை என்று துடைத்துக்கொள்வார். நூலுக்கு என்ன விலை கொடுத்திருப்பார்கள்? இச்சவாரி 1930இல் பிளக்பூலுக்கு வந்தபோது ஆங்கிலேயருக்குப் பிரெட்செல் என்றால் விளங்கவில்லை. அக்காலத்தில் பெயர் பெற்றிருந்த ஒரு நாடகத்தின் தலைப்பை எடுத்துப் பேய்ப் புகையிரதம் என்று பெயரிட்டார்கள். இன்று உலகெங்கும் அப்பெயரே வழங்குகிறது.

நம்முடைய களியாட்ட விழாக்களிலும் மரணக் கிணற்றுக்குப் பக்கத்தில் பேய் வீடுகள் போடப்பட்டதுண்டு. அவற்றுள் ஒன்றுக்கு நான் போயிருக்கிறேன். தண்டவாளம் இல்லை, நடந்து போவதுதான். எலும்புக்கூடு நன்றாகவே எழுந்தது. ஆனால் கூடாரத் துணியில் ஒரு கிழிசல். அதன் வழியே மாலை வெயிலும், கயிற்றை இழுக்கும் பையன் ஒரு கையால் வடை தின்பதும் தெரிந்தன. அதற்குமேல் அங்கே பேய் ஏது? அந்தக் கிழிசலை நான் மறக்கவில்லை. எந்தக் காட்சியை நெய்யவேண்டும் என்பதைக் காட்டிலும், எந்தக் கிழிசலைத் தைக்கவேண்டும் என்பதே இக்கலையில் பெரிய கவலை என்று பின்னாளில் உணர்ந்தேன்.

நடந்து பார்ப்பதற்கும் அமர்ந்து செல்வதற்கும் உள்ள வேற்றுமையை அறிய நமக்கு மேனாடு போகத் தேவையில்லை. மாத்தறை மாவட்டத்திலே திக்வெல்லைக்கு அருகில் வெவுருகன்னல விகாரை இருக்கின்றது. ஏறத்தாழ 50 மீற்றர் உயரமான, அமர்ந்த நிலையிலுள்ள புத்தர் சிலையால் பெயர் பெற்ற இடம். அங்கே ஒரு சுரங்க வழியும் உண்டு. பாவம் செய்தவர்கள் நரகத்தில் படும் பாடு ஓவியமாகவும் உருவமாகவும் அதிலே காட்டப்பட்டிருக்கிறது. பார்ப்பவர் தம் காலால் நடக்கிறார். அஞ்சினால் விரைகிறார், ஆவல் மிகுந்தால் நிற்கிறார், பிள்ளை அழுதால் திரும்பிவிடுகிறார். அறத்தைப் போதிப்பதற்கு அதுவே தக்க முறை. நின்று தம் குற்றத்தை எண்ணிப் பார்க்க நேரம் வேண்டுமல்லவா?

இனிச் சிங்கப்பூருக்கு வாருங்கள். நம்மவர் வீடுகளிலெல்லாம் தலையிடிக்குத் தடவப்படும் புலித் தைலத்தால் செல்வம் ஈட்டிய ஓ பூன் ஹோ என்னும் சீன வணிகர், 1937இல் பாசிர் பாஞ்சாங்கிலே தம் தம்பிக்காக ஒரு மாளிகையையும் தோட்டத்தையும் அமைத்தார். அதிலே நரகத்தின் பத்து நீதிமன்றங்கள் சிறு சிறு சுதையுருவங்களாக விளங்கின. மக்கள் நடந்து பார்த்தார்கள். பிள்ளைகளைப் பெற்றோர் கொண்டுபோய்க் காட்டிப் பொய் சொல்லாதே என்று எச்சரித்தார்கள். 1990இல் அத்தோட்டம் புதிய கேளிக்கைப் பூங்காவாக மாற்றப்பட்டபோது, அதே பத்து நீதிமன்றங்களைப் பெரியதொரு நாகத்தின் உடலுக்குள்ளே வைத்து, அதனூடே படகு விட்டார்கள். ஒரே நரகம், இரண்டு வழி! படகில் போனவருக்கு நிற்கவும் உரிமையில்லை, ஓடவும் உரிமையில்லை. நாகத்தின் வயிற்றில் புகுந்தவர் நாகம் விடும்போதுதான் வெளியே வரலாம். அச்சம் அதிகம் என்பதிலே ஐயமில்லை. ஆயினும் கட்டணம் மிகுதியென்று மக்கள் வரவு குறைந்தது. காலப்போக்கில் படகும் நின்றது. மக்கள் பழையபடி நடக்கலாயினர்.

காலையும் கண்ணையும் பிறரிடம் ஒப்படைத்தல், இதுதான் சவாரியின் உயிர். இதனை நன்றாக அறிந்துகொண்டவர்கள் டிஸ்னியின் கலைஞர்கள். அவர்களும் முதலில் தவறினார்கள். 1955ஆம் ஆண்டு ஜூலை மாதம் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது அங்கே மூன்று இருட்டுச் சவாரிகள் இருந்தன. பீற்றர் பானின் கதையில் வண்டியை மேலே உள்ள தண்டவாளத்திலிருந்து தொங்கவிட்டார்கள். கீழே லண்டன் மாநகரின் விளக்குகள் மின்ன, அமர்ந்திருப்பவர் பறந்தார். அது உடனே வெற்றி பெற்றது. வெண்பனிப் பெண்ணின் கதையிலோ ஒரு விந்தை நேர்ந்தது. சூனியக்காரி இருக்கிறாள், குள்ளர்கள் இருக்கிறார்கள், வெண்பனிப் பெண் மட்டும் இல்லை! வண்டியில் இருப்பவரே வெண்பனிப் பெண், சூனியக்காரி துரத்துவது அவரைத்தான் என்பது கலைஞர்களின் எண்ணம். எத்துணை நுட்பமான எண்ணம்! மக்களுக்கோ அது விளங்கவில்லை. கதாநாயகி எங்கே என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். ஈற்றில் 1983இல் அவளுடைய உருவத்தை உள்ளே வைத்தார்கள். கூத்துப் பார்க்கப் போனவனிடம் நீதான் இராசா என்று சொன்னால் அவன் திகைக்கத்தானே செய்வான்?

1967இல் திறக்கப்பட்ட கரிபியக் கடற்கொள்ளையர் சவாரியில் இக்கலை முதிர்ந்தது. முதலில் அதனை நடந்து பார்க்கும் மெழுகுப் பொம்மைக் கூடமாகவே திட்டமிட்டிருந்தார்கள். பின்னர் படகைச் சேர்த்தார்கள். தொடக்கத்தில் ஒன்றுமே நிகழாது. அந்திப் பொழுது, சதுப்பு நிலம், மின்மினிகள், குடிசை வாசலில் கிழவர் ஒருவர் ஆடும் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். படகு மெதுவாகப் போகின்றது. பின்னர் திடீரென ஓர் இறக்கம், உடனே மற்றோர் இறக்கம், அப்பால் எலும்புக்கூடுகள் காவல் காக்கும் குகைகள். அந்த இறக்கங்கள் இன்பத்துக்காக மட்டும் வைக்கப்பட்டவையல்ல. பூங்காவைச் சுற்றி ஓடும் புகையிரதப் பாதையின் அடியால் படகைக் கொண்டுசென்று, எல்லைக்கு வெளியே உள்ள பெரிய கட்டடத்தில் சேர்ப்பதற்காக அவை வெட்டப்பட்டன. பயணி தாம் பூங்காவையே விட்டு வெளியேறிவிட்டதை அறிவதில்லை. கிழிசலைத் தைப்பது என்றேனே, அதற்கு இதுவே சான்று. குகைகளுக்கு அப்பால் கப்பலும் கோட்டையும் குண்டு பொழிகின்றன, ஊர் எரிகின்றது. கொள்ளையரின் பேச்சுக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் எதுவும் முழுமையாகக் கேட்பதில்லை. சந்தையில் நடந்து போகிறவனுக்கு எல்லாப் பேச்சும் முழுமையாகவா கேட்கிறது? குறை கேட்டதனாலேயே அது மெய்போல் ஆகிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1969 ஓகஸ்ட் மாதத்தில், ஆவிகள் உறையும் மாளிகை திறக்கப்பட்டது. இதிலே பயணிகள் முதலில் ஒரு சிறு அறைக்குள் நிற்க, சுவர்கள் நீண்டுகொண்டே போகின்றன. கூரை உயர்வதாக எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். உண்மையில் தரைதான் அவர்களோடு கீழே இறங்குகின்றது. அப்பால் ஓயாது ஓடும் சங்கிலியில் கறுத்த சிப்பி போன்ற இருக்கைகள் வருகின்றன. பக்கங்கள் மூடியிருப்பதால் அடுத்த வண்டியில் இருப்பவர் தெரிவதில்லை. அந்த இருக்கை தானாகவே திரும்பும். எதனைப் பார்க்கவேண்டுமோ அதற்கு எதிரே உங்கள் முகத்தைக் கொண்டுபோய் நிறுத்தும். விருந்து மண்டபத்திலே ஒளி ஊடுருவும் ஆவிகள் நடனமாடுகின்றன. இந்த வித்தை 1862ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் லண்டனில் பெப்பர் என்னும் விஞ்ஞான விரிவுரையாளர் மேடையில் காட்டியது. இருட்டிய பின் பஸ் வண்டியின் கண்ணாடி யன்னலிலே உங்கள் முகம் வெளியே உள்ள மரங்களின்மேல் மிதப்பதைக் கண்டிருப்பீர்கள், அதே தத்துவந்தான். பெரிய கண்ணாடி ஒன்றும் மறைவான விளக்கும் போதும்.

இம்மாளிகையை அமைத்தோரில் குளோட் கோற்ஸ் என்பவர் மருட்டும் சூழல் வேண்டும் என்றார். மார்க் டேவிஸ் என்பவர் நகைச்சுவை வேண்டும் என்றார். முற்பாதியில் முன்னவரும் பிற்பாதியில் பின்னவரும் வென்றதாகச் சொல்லலாம். எனக்கு முற்பாதியே உகந்தது. அங்கே பேய் ஒன்றும் தெரிவதில்லை. கதவு ஒன்று மூச்சு விடுவதுபோல் உப்பித் தாழ்கிறது, அவ்வளவே. ஆனால் மாளிகையையும் கொள்ளையரையும் ஒப்பிட்டு எது மேல் என்று கேட்டால், நான் படகின் பக்கமே நிற்பேன். திரும்பும் இருக்கை கெட்டிக்காரத்தனமானது. எனினும் என் கழுத்தைப் பிடித்துத் திருப்பும் ஒருவர் பின்னால் இருப்பதை அது நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. நீர் அப்படிச் செய்வதில்லை. நீர் என்னைக் கொண்டுபோகிறது. பார்ப்பதும் பாராததும் என் பாடு. துறையோரத்தில் வளர்ந்தவனின் பக்கச்சார்பு என்று நீங்கள் கருதினால் மறுக்கமாட்டேன்.

கொள்ளையர் சவாரியில் எரியும் ஊர் எவ்வளவு மெய்யாக இருந்ததெனில், உண்மையில் தீ மூண்டால் எது தீ, எது வித்தை என்று தெரியாதுபோகும், ஆகவே அபாய மணி அடித்தவுடன் வித்தைத் தீ தானே அணைய வேண்டும் என்று அவ்வூர்த் தீயணைப்புத் தலைவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்வதுண்டு. வேடிக்கையாகச் சொல்லப்படும் செய்தி. அதனை வேடிக்கையாக எண்ண முடியாதபடி இரண்டு சம்பவங்கள் பின்னர் நிகழ்ந்தன.

1979ஆம் ஆண்டு ஜூன் 9ஆந் திகதி இரவு, அவுஸ்திரேலியாவில் சிட்னி நகரின் லூனா பூங்காவிலே பேய்ப் புகையிரதம் தீப்பற்றியது. ஆறு பிள்ளைகளும் ஒரு தந்தையும் மாண்டனர். தீயின் காரணம் இன்றளவும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. 1984 மே 11ஆந் திகதி, நியூ ஜேர்சி மாநிலத்துப் பூங்கா ஒன்றில் நடந்து பார்க்கும் பேய்க் கோட்டை எரிந்தது. இளைஞர் எண்மர் வெளியேற வழி காணாது இறந்தனர். சுவரில் மோதினால் நோகாதிருக்கட்டும் என்று நுரைப்பஞ்சு பதித்திருந்தார்கள். இருளில் வழி பார்க்க ஒருவர் ஏற்றிய லைட்டரின் சுடர் அதிலே பட்டதாக விசாரணையில் கூறப்பட்டது. தீ மூண்டதும் தானே நீர் சொரியும் குழாய்கள் அங்கே இல்லை. உள்ளே வழி தவறுவதற்கென்றே அமைக்கப்பட்ட வளைவுகள் அன்று மெய்யாகவே வழி தவறச் செய்தன. புகையைக் கண்டவர்கள் அதுவும் வித்தையென்றே எண்ணியிருக்கக்கூடும். கண்ணைக் கொடு, காலைக் கொடு என்று கேட்டு வாங்கியவர்கள், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் வழியை அமைக்கவில்லை.

இதனைப் படித்தபோதெல்லாம் என் மனம் கிண்ணியாவுக்கே திரும்பும். எங்கள் குறிஞ்சாக்கேணியிலே புதிய பாலம் கட்டப்படுகிறது என்று மக்களை மிதவையிலே ஏற்றி இறக்கிவந்த காலத்தில், 2021 நவம்பர் 23ஆந் திகதி காலை, அந்த மிதவை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் அதிலே இருந்தனர். இறந்தவர்களுள் அவர்களும் சேர்ந்தனர். அது பட்டப்பகல், கரை கண்ணெதிரே தெரியும் தூரம்.

முதலில் சொன்ன இரவைப்பற்றி ஒன்றைச் சொல்லாது விட்டேன். நாங்கள் தோணியில் ஏறி அமர்ந்த பின்னர், வாப்பாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் லாம்பும் கையுமாய் ஓடிவந்து தம்மையும் ஏற்றிக்கொள்ளும்படி கேட்டார். தோணிக்காரர் துடுப்பின் முனையால் பலகையைத் தட்டித் தட்டி எங்களை எண்ணினார். "இதற்குமேல் தாங்காது, காக்கா. நில்லுங்கள், திரும்பி வருவேன்" என்றார். ஒருவர்தானே என்று வாப்பா பரிந்து பேசினார், சிறிது கோபித்தும் கொண்டார். தோணிக்காரர் மறுமொழி சொல்லாமல் தோணியைத் தள்ளினார். கரையில் நின்றவர் தம் லாம்பைக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் குந்திக்கொண்டார். நீரின் நடுவே மற்றெல்லாம் மறைந்த பின்னரும் அந்த விளக்கு ஒரு புள்ளியாகச் சிறிது நேரம் தெரிந்தது.